என் பேரில் வந்த சீட்டு

எனக்கு இதயத்தில் ஓட்டை என்று எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் அழுதார்கள். சாமிக்கு வேண்டிக்கொண்டார்கள். என்னைக் குடம் தூக்க விடவில்லை. கறிக்குழம்பில் ஈரலை எனக்கென்று தனியாக எடுத்து வைத்தார்கள். என் இதயத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஓட்டை என் அக்காவுக்கு இருந்தது. அது தெரிய வருவதற்கு இருபத்தாறு வருடம் ஆனது. இதை எழுத உட்கார்ந்து பல மாதமாகிறது. முதல் நாலு வரியைத் தாண்டமுடியாமல் நோட்டை மூடிவிடுவேன். இன்று எப்படியோ தாண்டிவிட்டேன்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகிற ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு வைத்தவர். அக்காவுக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். அவள் ஏழாம் வகுப்பு, நான் ஆறாம் வகுப்பு. ஒரே உயரம், ஒரே முகவெட்டு. எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னிவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களே பேர் மாற்றிக் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர்கள் வரப்போவதாகச் சொன்னார்கள். பிள்ளைகளின் கண், பல், நெஞ்சு எல்லாம் பார்ப்பார்களாம். எவளோ ஒருத்தி, இடுப்பில் பெரிய ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டாள். ஊசி என்றால் எனக்கு உயிரே போய்விடும், இன்றைக்கும் அப்படித்தான். முதல் நாள் ஆறாம் வகுப்புக்கு, மறுநாள் ஏழாம் வகுப்புக்கு என்று அறிவித்திருந்தார்கள். காலையிலிருந்து நான் அழுது அடம் பிடித்ததைப் பார்த்து அக்கா, "அழுவாத பாப்பா. ஒனக்கு பதிலா நான் போய் நின்னுக்கறேன்" என்றாள்.

எங்கள் வகுப்பு டீச்சர் அன்றைக்கு லீவு. வரிசையைப் பார்த்துக்கொண்டது வேறொரு சார், எங்கள் முகம் தெரியாதவர். என் பேரைக் கூப்பிட்டபோது அக்கா எழுந்து போனாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் உட்கார்ந்து காய் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தேன்.

ஊசி எதுவும் போடவில்லை. கண்ணை இழுத்துப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்கள். குழாயை வைத்த டாக்டர் ரொம்ப நேரம் எடுக்கவே இல்லையாம். "மூச்சப் புடின்னாரு, உடுன்னாரு, மறுக்கா புடின்னாரு. கூச்சமா போயிடுச்சுடி" என்று அக்கா வந்து சொன்னாள். மறுநாள் அவள் வகுப்பின் முறை. அதே டாக்டர் பார்த்தால் மாட்டிக்கொள்வோம் என்று வயிற்றுவலி சாக்கில் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். இதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

பத்து நாள் கழித்துச் சீட்டு வந்தது. என் பேர், அப்பா பேர், ஆறாம் வகுப்பு. இதயத்தில் சத்தம் கேட்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்துப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. டீச்சர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் விளக்கினார். பிறவியிலேயே சில குழந்தைகளுக்கு இதயத்தில் ஓட்டை இருக்கும், பயப்படாதீர்கள், ஆனால் போய்ப் பார்த்துவிடுங்கள் என்றார். அம்மா தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் ஆள்மாறாட்டம் வெளியே வந்துவிடும், அப்பா கையில் கரும்பின் காய்ந்த சோகையை உரிக்கிற கத்தி இருக்கிறது என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தோன்றியது. அப்பா எங்களை ஒருநாளும் அடித்தவர் இல்லை. இருந்தும் பயம்.

அப்பாவும் அம்மாவும் என்னை மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்குப் புதுப் பாவாடை. ஜன்னலோர சீட்டு. உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றபோது பரோட்டா வாங்கித் தந்தார்கள், அதுவரைக்கும் நான் பரோட்டாவைக் கண்ணால்தான் பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் பசை தடவி எதையோ வைத்துத் தேய்த்தார்கள். டிவி மாதிரி ஒன்றில் ஏதோ துடித்தது. இந்த மெஷின் என் பொய்யையும் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கு. சின்ன ஓட்டையா இருந்திருந்தா தானா மூடிக்கிட்டிருக்கும். சில பிள்ளைங்களுக்கு அப்படி ஆகும்" என்றார்.

அவர் சொன்னதில் அம்மா காதில் விழுந்தது பாதிதான். ஓட்டை இருந்தது, சாமி மூடிவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அக்காவும் நானும் அதைவிட மோசமான ஒரு கணக்குப் போட்டோம். சீட்டு என் பேரில் வந்தது, என் இதயமோ நன்றாக இருக்கிறது, அதனால் சீட்டே தப்பு. பன்னிரண்டு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் அது சரியாகத்தான் பட்டது. குழாய் வைத்தது யாருடைய நெஞ்சில் என்பதை இரண்டு பேரும் அப்படியே விட்டுவிட்டோம். கொஞ்ச நாளில் நான் அதை மறந்தும் போனேன். மறந்தது உண்மை. அதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

அம்மா வேண்டிக்கொண்டது கல்வராயன் மலையில் இருக்கிற ஒரு அம்மன் கோயிலுக்கு. ஆடியில் என் பேரில் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். நான் மலை ஏறக்கூடாது, மூடின ஓட்டை மறுபடியும் திறந்துகொள்ளும் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் என்னை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு எனக்காக அக்கா குடத்தைச் சுமந்து ஏறினாள். ஒரு வருடம் இல்லை, ஐந்து வருடம். வழியில் நின்று நின்று வருவாள். "வேண்டுதல் கொடத்த வெச்சுக்கினு இன்னாடி நடுவுல நிக்கிற, சோம்பேறி" என்று அம்மா திட்டியபடியே பின்னால் வருவாள். நான் மேலே கடையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பேன். அக்கா வந்து சேரும்போது உதடு வெளிறிப் போயிருக்கும். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு முறுக்கு எடுத்தேன்.

என் வாழ்க்கையே அந்தச் சீட்டால் அமைந்தது என்று சொன்னால் மிகை இல்லை. தண்ணீர் தூக்க வேண்டாம், வயலில் இறங்க வேண்டாம், உட்கார்ந்து படி என்றார்கள். உட்கார்ந்து படித்தேன். கள்ளக்குறிச்சியில் காலேஜ் முடித்தேன். இப்போது பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறேன், பேரில் ஒரு எழுத்து தப்பினாலும் விடமாட்டேன் என்று பேர் வாங்கியவள். அக்கா பத்தாவதோடு நின்றாள். சோகை உரித்தாள், மாட்டைப் பார்த்தாள், எனக்குத் துணி துவைத்துக் கொடுத்தாள். பத்தொன்பது வயதில் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாமா மரவள்ளி பயிர் வைக்கிறவர், நல்ல மனுஷர். ஒரு பெண் பிறந்தாள். இரண்டாவது ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அப்போது அக்கா மூன்று மாதம் எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கிடந்தாள். ரத்தம் கம்மி என்றார்கள். நாங்களும் முருங்கைக்கீரை ஆய்ந்து ஆய்ந்து அனுப்பினோம்.

பிறகு அவளுக்கு மலைமேல் ஒரு சிற்றூரில் அங்கன்வாடி வேலை கிடைத்தது. வெள்ளிமலை போகிற பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, ஒரு சரிவு ஏறினால் பள்ளி. அந்தச் சரிவில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் போவாள். மலைப் பிள்ளைகள் அதற்கு டீச்சர் பாறை என்று பேர் வைத்தார்கள். சில வருடத்தில் டீச்சர் பாறை இரண்டானது. பிறகு மூன்றானது. பிள்ளைகள் காலையில் கீழே இறங்கி வந்து அவள் பையை வாங்கிக்கொண்டு போவார்களாம். இதையெல்லாம் அக்கா எங்களிடம் சிரிப்புக் கதையாகச் சொல்வாள். நாங்களும் சிரிப்போம்.

வீசிங் என்று முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் மூச்சு வாங்கினால் அது வீசிங்தான். உறிஞ்சுகிற மருந்து ஒன்று கொடுத்தார்கள். மழைக்காலத்தில் ஊசி. மலையில் தூதுவளையும் மிளகும் அரைத்துக் கொடுத்தார்கள், தேன் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் பயபக்தியோடு சாப்பிட்டாள். ஒரு பொங்கலுக்கு அவளுக்கு மருதாணி வைத்துவிட்டபோது விரல் நுனிகள் உருண்டு வீங்கினாற்போல் இருந்ததைக் கவனித்தேன். "இன்னாக்கா, அரசாங்க சம்பளம் வாங்கி வெரலெல்லாம் கொழுத்துப் போச்சு" என்று கிண்டல் செய்தேன். அது இதய நோயின் அடையாளம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் கையை எனக்கு இப்போதும் கனவில் நீட்டுகிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கால் வீங்கிக்கொண்டு வந்தாள். கள்ளக்குறிச்சியில் என் வீட்டில் தங்கவைத்து, புதிதாக வந்திருந்த ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் பெண். நெஞ்சில் குழாயை வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. மூச்சைப் பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள், மறுபடியும் பிடிக்கச் சொன்னாள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை. ஈசிஜி, எக்ஸ்ரே, கடைசியில் எக்கோ. திரையில் சிவப்பும் நீலமும் கலந்து ஓடின.

"இதயத்துல மேல ரெண்டு அறை இருக்கும்மா. நடுவுல ஒரு சுவர். அக்காவுக்கு அந்தச் சுவர்ல பெரிய ஓட்டை இருக்கு" என்றாள் டாக்டர். "இது இப்ப வந்தது இல்ல. பிறக்கும்போதே இருக்கிறது. ரொம்ப மெல்லிய சத்தம்தான் வரும், கவனமா கேட்டாத்தான் தெரியும். அதனால நிறைய பேருக்கு வயசானப்புறம்தான் கண்டுபிடிக்கிறோம்."

பிறக்கும்போதே என்றதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். எனக்குப் புளியமரம் ஞாபகம் வந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அதில் அன்றைக்குக் கரிநாள் என்று போட்டிருந்தது.

அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த இதய டாக்டர் பெரியவர், நிதானமாகப் பேசுகிறவர். பேனாவால் படம் போட்டு விளக்கினார். ஓட்டை வழியாக நல்ல ரத்தம் பக்கத்து அறைக்குள் கசிந்து, நுரையீரலுக்குத் தேவைக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். சின்ன வயதில் உடம்பு தாங்கும், ஒன்றும் தெரியாது. முப்பது, நாற்பது வயதில்தான் மூச்சு வாங்கல், படபடப்பு, கால் வீக்கம் என்று தலைகாட்டும். அப்போது கண்டுபிடித்தாலும் பெரும்பாலானவர்களுக்கு மூடிவிடலாம். தொடை நரம்பு வழியாகக் குழாய் விட்டு, சின்னக் குடை மாதிரி ஒன்றைக் கொண்டுபோய் ஓட்டையில் விரித்து அடைத்துவிடுவார்கள். அதற்குத் தோதுப்படாத ஓட்டை என்றால் ஆபரேஷன். சிலருக்கு மட்டும் அத்தனை வருடம் கூடுதல் ரத்தம் போய்ப் போய் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் தடித்து இறுகிவிடும். அங்கே அழுத்தம் ஏறிவிட்டால் மூடுவது ஆபத்து. அக்காவுக்கு அழுத்தம் எவ்வளவு என்பதைக் குழாய் விட்டு அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பேசிக்கொண்டே ஃபைலில் எழுதியவர், "சின்ன வயசுல யாராவது உங்க நெஞ்சுல சத்தம் கேக்குதுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் அக்கா. அரை நொடி கூட யோசிக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வெளியே வந்ததும், ஏன் பொய் சொன்னாய் என்று அவள்மேல் பாய்ந்தேன். குற்றம் செய்தவள் நான், கோபமும் எனக்குத்தான் வருகிறது. என் குணம் அப்படி. "சொன்னா மட்டும் மூடிக்குமா?" என்றாள். "வுடு பாப்பா. பசிக்குது, சோத்த வாங்கிக்கினு வா."

வார்டில் பக்கத்துக் கட்டிலில் திண்டிவனம் பக்கத்து அம்மா ஒருத்தி. ஐம்பது வயதுக்கு மேல். அதே நோய், அவளுக்கு அழுத்தம் ஏறவில்லை. குடை வைத்து அடைத்தார்கள். மூன்றாம் நாள் தலை நிறைய மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு, எங்களுக்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டு நடந்தே கிளம்பினாள். "ஒனக்கும் இப்படித்தான் ஆவும், கவலப்படாத" என்று அக்காவின் கன்னத்தைத் தடவினாள். நான் அந்த அம்மாவை மனதார வெறுத்தேன். அவள் கொடுத்த பழத்தைத் தின்னவில்லை. அக்கா இரண்டையும் தின்றாள்.

அக்காவுக்கு அழுத்தம் ரொம்ப ஏறியிருந்தது. ஆனால் டாக்டர் கதவைச் சாத்தவில்லை. அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரைகள் தருகிறேன், ஆறு மாதம் கழித்து மறுபடியும் அளப்போம், இறங்கியிருந்தால் மூடிப் பார்க்கலாம் என்றார். அந்த ஆறு மாதம் நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அக்காவை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். மாத்திரைக்கு அலாரம் வைத்தேன். உப்பைக் குறைத்து மொத்தக் குடும்பத்தையும் சப்பென்ற குழம்பு தின்ன வைத்தேன். அவள் ஒரு டம்ளரைத் தூக்கினால்கூட ஓடிப்போய்ப் பிடுங்குவேன். "ஆறாங்கிளாசுல ஒன்ன வெச்சுக்கினு இருந்த மாதிரி இப்ப என்ன வெச்சுக்கினு இருக்கிற" என்று ஒருநாள் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மாதம் ஒருமுறை அங்கன்வாடிப் பிள்ளைகள் யாருடைய போனிலிருந்தாவது வீடியோவில் வருவார்கள். டீச்சர் எப்போது வருவீர்கள் என்று கேட்பார்கள். மழை விட்டதும் வருகிறேன் என்பாள். எந்த மழை என்று அவர்கள் கேட்டதில்லை. மாமா வாரம் ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். மரவள்ளிக் கிழங்கை மூட்டையாக இறக்கிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அவர்கள் பெண்ணுக்கும் எக்கோ எடுத்துப் பார்த்தோம். நன்றாக இருந்தது. அந்த ஒரு நாள்தான் அக்கா எல்லோர் முன்னாலும் அழுதாள்.

ஆறு மாதம் முடிந்து அக்காவும் நானும் மறுபடியும் சென்னைக்குப் போனோம். அளந்தார்கள். டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொல்லப் பார்த்தார். அக்கா விடவில்லை. "எனக்குத்தானுங்க இருக்குது. எங்கிட்டயே சொல்லுங்க" என்றாள்.

அழுத்தம் இறங்கவில்லை. இப்போது ரத்தம் ஓட்டை வழியாக எதிர்த்திசையில் வர ஆரம்பித்துவிட்டது, உதடு நீலமாவது அதனால்தான் என்றார். "இந்த நிலையில அந்த ஓட்டைதாம்மா உங்களைக் காப்பாத்துது. நுரையீரல் பக்கம் தள்ள முடியாத இதயத்துக்கு அதுதான் வடிகால். அதை மூடினா இதயம் தாங்காது. மூட முடியாது." மாத்திரையைத் தொடர வேண்டும், ஆக்சிஜன் தேவைப்படும், உழைக்கக்கூடாது, இன்னொரு கர்ப்பம் கூடவே கூடாது என்று வரிசையாகச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எத்தனை நாள் என்று நான் கேட்டேன். சிலர் பல வருடம் நன்றாக இருக்கிறார்கள் என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பத்து, பதினைந்து வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும். ஏழாம் வகுப்பில் வந்திருந்தால் இப்போது அவள் டீச்சர் பாறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போயிருப்பாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரின் முகம் எனக்குத் தெரியாது, நான் அவரைப் பார்க்கவே இல்லையே. அத்தனை பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே, அந்த மெல்லிய சத்தத்தை அவர் கேட்டுவிட்டார். மூச்சைப் பிடிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டு உறுதி செய்தார். தன் வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்தார்.

திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். மத்தியான வெயில். ஒரு டீக்கடை பெஞ்சில் அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் வாழ்நாளில் ஒருமுறைகூட நேராகப் பேசாததை நான் அங்கேதான் பேசினேன்.

"அக்கா, அந்தச் சீட்டு ஒன்னோடது. அன்னிக்கே நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். ஊருக்குப் போனதும் அம்மா கிட்ட சொல்லிடறேன். என்னால இத வெச்சுக்கினு இருக்க முடியல."

அக்கா டீயை ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் சொன்னேன்டி" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"அன்னிக்கே அம்மா கிட்ட சொன்னேன். நீங்க மெட்ராசுக்குக் கெளம்பின அன்னிக்குக் காலைல. நீ உள்ள புதுப் பாவாட கட்டிக்கினு இருந்த. அம்மா பாத்திரம் கழுவிக்கினு இருந்துச்சு. நான்தாம்மா போய் நின்னேன், எனக்குத்தாம்மா சத்தம் கேட்டுச்சு, என்னையும் இட்டுக்கினு போன்னு சொன்னேன். பொளேர்னு ஒண்ணு உட்டுச்சு. தங்கச்சி உசுருக்குப் போராடிக்கினு இருக்கறா, ஒனக்கு பஸ்ல போவணும்னு பொறாமையா, இப்படி ஒரு பொய்யா, நீயெல்லாம் ஒரு அக்காவான்னு கேட்டுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "பஸ்ல போவணும்னு எனக்கு ஆசையும் இருந்துச்சு பாப்பா. அதான் திருப்பிப் பேசல. நீங்க வந்து ஒண்ணும் இல்லன்னு சொன்னதும், சீட்டே தப்புன்னு நானும் நெனச்சுக்கினேன்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"அம்மா அத மறந்துடுச்சு" என்றாள் அக்கா. "நீ போய் சொன்னீன்னா ஞாபகம் வந்துடும். நீ சொல்லிட்டு லேசாயிடுவ. அம்மா தாங்காது. சொல்லாத. எம்மேல ஆணையா சொல்லாத."

பஸ் வந்தது. அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினேன். ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்தேன். கள்ளக்குறிச்சி வரும்வரை என் தோளில் தலை சாய்த்துத் தூங்கினாள்.

அம்மா என் வீட்டில்தான் காத்திருந்தாள். அப்பா போன பிறகு அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அக்காவைப் படுக்கவைத்துவிட்டு நான் சமையலறைக்கு வந்ததும் பின்னாலேயே வந்தாள். "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றாள்.

"மூட முடியாதாம்மா. லேட்டாயிடுச்சாம். மாத்திரையிலயே பாத்துக்கணும்னு சொன்னாரு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் காலைத் தொட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"ஒனக்குத் தெரிஞ்சாப்புல அவளுக்கும் சின்னதுலயே தெரிஞ்சிருந்தா எதையாவது வித்தாவது பாத்திருப்போம். இன்னா செய்யறது. அவதான் சின்னப் புள்ளைல இருந்தே எதையும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாளே."

"ஆமாம்மா" என்றேன்.